எண் வேறு, அனுமதி வேறு: முகவரித் திட்டமும் மூடிய பாவனையாளர் குழுவும்

"எங்கட கந்தோருக்கு சி.யூ.ஜி. எடுத்தாச்சு, இனி ஒருத்தரும் ஒட்டுக்கேக்க ஏலாது" என்றார் ஒரு கணக்காளர். அதே கிழமை இன்னொரு இடத்து முகாமையாளர், "சி.யூ.ஜி. எண்டா நாலு இலக்கத்தில கோல் எடுக்கிறதுதானே?" என்று கேட்டார். மூன்றாவது ஆளுக்கு அது வெறும் இலவச அழைப்பு. மூவரும் படித்தவர்கள், மூவரும் தினமும் அந்தச் சிம்மைப் பாவிக்கிறவர்கள். ஆனால் ஒருவர் சொன்னதும் அந்தச் சொல்லின் பொருள் இல்லை. சி.யூ.ஜி. என்பது தலைப்பில் சொன்ன மூடிய பாவனையாளர் குழு: சிலர் தங்களுக்குள் மட்டும் தொடர்பு கொள்ள வலையமைப்பு செய்து கொடுக்கும் ஏற்பாடு.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அலுவலகங்களுக்கு வலையமைப்புப் போட்டுக் கொடுப்பது என் தொழில். அடிக்கடி காதில் விழும் குழப்பம் இதுதான். யார் எங்கே இருக்கிறார் என்பது ஒரு விஷயம். யார் யாரோடு பேசலாம் என்பது இன்னொன்று. பேசினால் எவ்வளவு காசு என்பது மூன்றாவது. வலையமைப்பு இந்த மூன்றையும் மூன்று தனிக் கொப்பிகளில் எழுதி வைத்திருக்கிறது. நாம்தான் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறோம். இங்கே முதல் இரண்டு கொப்பிகளையும் பிரித்துப் பார்ப்போம். காசுக் கொப்பியைப் போகிற போக்கில் தொட்டால் போதும்.

வளவுக்குள் வளவு

வீட்டு இலக்கத்தில் தொடங்கலாம். நம் ஊரில் மகளுக்குக் கல்யாணம் என்றால் பெரும்பாலும் தாயின் வளவுக்குள்ளேயே ஒரு வீடு எழும்பும். 24ஆம் இலக்க வளவில் மூத்த மகளின் வீடு 24/1. இளையவளுடையது 24/2. பேத்தி வளர்ந்ததும் 24/1ஏ. அதற்குள் பக்கத்து வளவைப் பிரித்து விற்றவர்கள் தங்கள் வீட்டுக்கும் 24/3 என்று போட்டுவிடுவார்கள். இருந்தாலும் கடிதம் வந்து சேருகிறது. காரணம் இலக்கம் இல்லை, தபால்காரர். எந்தப் படலைக்குள் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

வலையமைப்பில் அந்தத் தபால்காரர் இல்லை. வழியில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரமும் கையில் கிடைத்த இலக்கத்தை மட்டும் பார்த்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். அதனால் இலக்கம் தானாகவே வழி சொல்ல வேண்டும். ஒரு கருவியை அல்லது இணைப்பை வலையமைப்பில் அடையாளம் காட்டி, அதற்குப் போகும் வழியையும் காட்டுகிற எண்தான் முகவரி. எந்த எண் யாருக்கு, எதை எதற்காக ஒதுக்கி வைப்பது என்று முன்கூட்டியே போடும் ஒழுங்குதான் முகவரித் திட்டம்.

065 எங்கே முடிகிறது?

தொலைபேசி எண்ணே மிகப் பழக்கமான முகவரித் திட்டம். வெளிநாட்டிலிருந்து மட்டக்களப்புத் தரைவழித் தொலைபேசிக்கு எடுப்பவர் முதலில் 94 என்று தட்டுவார், அது இலங்கை. அடுத்து 65, அது மட்டக்களப்பு. பிறகு ஏழு இலக்கங்கள். உள்நாட்டில் நாம் முன்னால் போடும் பூச்சியம் உண்மையில் எண்ணின் பகுதியே இல்லை. "இது என் பகுதிக்கு வெளியே போகிற அழைப்பு" என்று இணைப்பகத்துக்கு (அழைப்புகளை உரிய வழியில் இணைத்துவிடும் நிலையத்துக்கு) சொல்லும் சமிக்ஞை அது. அதனால்தான் 94க்குப் பிறகு அந்தப் பூச்சியத்தை விட்டுவிடுகிறோம். நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து ஓர் எண் 15 இலக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக விதி. நமக்கு 11 போதுமாக இருக்கிறது.

இதில் உள்ள கெட்டித்தனத்தைப் புரிந்துகொள்ள உன்னிச்சைக் குளத்தடிக்குப் போங்கள். மதகைத் திறப்பவருக்கு யாருடைய வயல் எந்த வரம்புக்குள் என்று தெரிய வேண்டியதில்லை. எந்த வாய்க்காலில் விட வேண்டும் என்பது தெரிந்தால் போதும். வாய்க்காலில் இருப்பவருக்குக் கிளை வாய்க்கால் தெரிந்தால் போதும். கடைசியில் வட்டைக்குள் நிற்கிறவருக்குத்தான் தனித்தனி வயல் தெரியும். கொழும்பில் உள்ள இணைப்பகமும் அப்படித்தான். 65 என்று கண்டால் கிழக்குப் பக்கம் தள்ளிவிடும், மீதி ஏழு இலக்கத்தை அது மண்டையில் ஏற்றுவதில்லை. இப்படி இடமிருந்து வலமாக வாசிக்க வாசிக்க இடம் சுருங்கி வரும் எண்ணைப் படிநிலை முகவரி என்பார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. அம்பாறை ஒரே மாவட்டம், ஆனால் குறியீடு இரண்டு. அம்பாறை நகரத்துக்கு 063, கல்முனைக்கு 067. கல்முனையிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் அக்கரைப்பற்று வரை 067. இன்னும் தெற்கே பொத்துவிலுக்குப் போனால் திரும்ப 063. வரைபடத்தில் பார்த்தால் முறைகேடு போலத் தெரியும். ஆனால் எண்ணின் எல்லை கச்சேரி (மாவட்டச் செயலகம்) போட்ட எல்லை இல்லை. எந்த ஊரின் கம்பி எந்த இணைப்பகத்தில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் எண்ணின் எல்லை. முகவரித் திட்டம் போட வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: நிர்வாக வரைபடத்தைப் பார்த்துத் தொடங்காதீர்கள், கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள்.

கைத்தொலைபேசி எண் வேறு சாதி. 071, 077 எல்லாம் ஊரைச் சொல்வதில்லை, எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கிய எண் என்பதை மட்டும் சொல்கின்றன. ஆள் வாகரையில் இருக்கிறாரா வவுனியாவில் இருக்கிறாரா என்பதை வலையமைப்பு ஒரு பதிவேட்டில் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். அந்தப் பதிவேட்டுக்குப் பிறகு வருவோம்.

சுருக்கமாக இதுவரை: முகவரி வழி காட்டும் எண். நல்ல திட்டத்தில் எண்ணின் முன்பகுதியைப் பார்த்தே பாதி வழி போய்விடலாம்.

எழுவான்கரை, படுவான்கரை

இனிக் கணினி வலையமைப்பு. ஐ.பி. முகவரி என்பது இணைய வழியில் பேசும் ஒவ்வொரு கருவியும் பாவிக்கும் எண். பரவலாகப் பாவிக்கப்படும் பழைய வகை, புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 429 கோடி முகவரிகள். கேட்கப் பெரிதாக இருந்தாலும் உலகத்துக்குப் போதவில்லை. பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பெப்ரவரியில் உலகின் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கும் பங்கிட்டு முடித்துவிட்டார்கள். அதைவிட மிகப் பெரிய புதிய வகையும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் அலுவலகத்து ரவுட்டரைத் திறந்தால் இன்னும் கண்ணில் படப்போவது பழையதுதான்.

ஒரு கணினி இன்னொன்றுக்குத் தரவு அனுப்பும் முன்பு தன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இவர் என் கரையா, அக்கரையா?

இதை நம் வாவியைப் போல விளக்க வேறொன்றால் முடியாது. காத்தான்குடியில் இருப்பவர் ஆரையம்பதிக்குப் போக வாவியைக் கடக்க வேண்டியதில்லை. இரண்டும் எழுவான்கரை, அதாவது வாவியின் கிழக்குக் கரை, வீதியால் நேரே போகலாம். குருமண்வெளியில் இருப்பவர் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள மண்டூருக்குப் போவதென்றால் துறைக்கு வந்து பாதை ஏற வேண்டும். (வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கம் 'பாதை' என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.) கணினிக்கு அந்தத் துறைதான் ரவுட்டர். தன் கரையில் இல்லாத எவருக்கும் போக வேண்டிய தரவை அது ரவுட்டரிடம் ஒப்படைத்துவிடும்.

எது என் கரை என்று கணினிக்கு எப்படித் தெரியும்? முகவரியில் முதல் எத்தனை பங்கு கரையின் பெயர், மீதி எவ்வளவு வீட்டின் பெயர் என்று ஒரு கோடு போட்டுக் கொடுத்திருப்போம். அந்தக் கோட்டை உபவலை மறைப்பு என்பார்கள். சாதாரண அலுவலகத்தில் முதல் மூன்று எண்கள் கரை, கடைசி எண் வீடு. 192.168.1.20 என்ற கணினி 192.168.1.50ஐக் கண்டால் "என் கரை" என்று நேரே கூப்பிடும். 192.168.2.50ஐக் கண்டால் துறைக்கு அனுப்பும். இவ்வளவுதான் மறைப்பு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை இரும எண்ணில் போட்டு வதைப்பதால்தான் இது பேய் போலத் தெரிகிறது.

192.168 என்று ஏன் எல்லா இடத்திலும் தொடங்குகிறது? சில எண் தொகுதிகளை யாரும் கேட்காமலே தங்கள் கட்டடத்துக்குள் பாவிக்கலாம் என்று 1990களில் ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்கும் அனைத்தும், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றுக்குத் தனியார் முகவரி என்று பெயர். பொது இணையத்தில் இவை செல்லாது. வெளியே போகும்போது ரவுட்டர் தன் பொது முகவரியை மேலே ஒட்டி அனுப்பும். ஆகவே உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், என் வீட்டிலும் இருக்கலாம். எல்லா ஊரிலும் ஒரு பிள்ளையார் கோயில் இருப்பது போல. பிரச்சினை இரண்டு ஊரையும் ஒன்றாக்கும்போதுதான்.

கணக்கைத் திறந்தால் கமரா

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு ஏழு கிளைகளை ஒன்றாக இணைக்கும் வேலை கிடைத்தது. வாழைச்சேனை, செங்கலடி, மட்டக்களப்பில் தலைமையகம், களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை. ஒவ்வொரு கிளைக்கும் யாரோ ஒருவர் கடையில் ரவுட்டர் வாங்கி, பெட்டியிலிருந்து எடுத்தபடியே கொழுவியிருந்தார். எல்லாமே 192.168.1.1. தனித்தனியாக இருந்த காலத்தில் ஒரு குறையும் இல்லை.

இணைப்பைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் காலை களுவாஞ்சிக்குடிக் கிளையிலிருந்து ஒரு மூத்த உத்தியோகத்தர் எடுத்தார். "மனே, கணக்கைத் திறந்தா கமரா வருது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லைன் அடிபட்டிருக்கும் என்று நினைத்து அரை நாளை அதிலேயே ஓட்டினேன். பிறகு நேரே போய் அவருடைய கதிரையில் இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. தலைமையகத்தில் கணக்கு வைத்திருக்கும் சேர்வர் 192.168.1.50. களுவாஞ்சிக்குடியில் பாதுகாப்புக் கமராவின் பதிவுப் பெட்டியும் 192.168.1.50. அவருடைய கணினி 192.168.1 என்ற தொடக்கத்தைப் பார்த்ததும் "இவர் என் கரை" என்று முடிவு கட்டி, பக்கத்து அறைக் கமராப் பெட்டியின் கதவைத் தட்டியிருக்கிறது. தரவு துறைக்கே போகவில்லை. நான் அக்கரைக்குப் போட்ட புதுப் பாதை ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. லைனில் ஒரு பிழையும் இல்லை, பிழை என்னில். இணைப்பதற்கு முன்பு ஏழு இடத்து முகவரிகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

அன்று இரவு ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் திட்டம் போட்டேன். தனியார் தொகுதிகளில் பெரியது 10 என்று தொடங்குவது, அதில் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேல் முகவரிகள். இரண்டாவது எண்ணுக்கு எல்லோருக்கும் தெரிந்த தொலைபேசிக் குறியீட்டையே எடுத்தேன். 065 பகுதிக் கிளைகள் 10.65, கல்முனையும் அக்கரைப்பற்றும் 10.67, அம்பாறை 10.63. மூன்றாவது எண் கிளை. தலைமையகம் 10, செங்கலடி 20, வாழைச்சேனை 30, களுவாஞ்சிக்குடி 40. ஒன்று, இரண்டு, மூன்று என்று நெருக்கிப் போடாமல் பத்துப் பத்தாக விட்டது வேண்டுமென்றுதான். பின்னாளில் களுவாஞ்சிக்குடியில் கமராக்களைத் தனியாகப் பிரிக்க வேண்டி வந்தபோது 10.65.41 சும்மா காத்திருந்தது. 24/1ஏ போட வேண்டிய நிலை வரவில்லை.

கடைசி எண்ணிலும் எல்லாக் கிளைக்கும் ஒரே ஒழுங்கு. 1 எப்போதும் ரவுட்டர். 10 முதல் 29 வரை பிரிண்டர், கமரா போன்ற அசையாத சாமான்கள். 100 முதல் 200 வரை வந்துபோகும் கணினிகளுக்கு ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரி. இந்தத் தானாகக் கொடுக்கும் வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். யார் எந்தக் கிளையிலிருந்து எடுத்தாலும், எண்ணைக் கேட்டதும் அது என்ன சாமான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சனி ஞாயிறில் எல்லாம் மாற்றினோம். திங்கள் காலை வாழைச்சேனையில் பற்றுச்சீட்டு அச்சாகவில்லை. அந்தப் பிரிண்டருக்கு யாரோ கையால் பழைய முகவரியைப் போட்டு வைத்திருந்தார்கள், எந்தத் தாளிலும் அது பதிவாகவில்லை. எழுதி வைக்காத முகவரி எப்போதும் இப்படித்தான் திங்கட்கிழமை காலையில் எழும்பும்.

சுருக்கமாக: ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருந்தால், அவை சந்திக்காத வரை குற்றமில்லை. இணைக்கப் போகிறோம் என்றால் கரைகளுக்கு வேறு வேறு பெயர் வேண்டும், வளர இடமும் விட வேண்டும்.

முகவரி மாறும், குடி மாறாது

இனி இரண்டாவது கொப்பி. முகவரி தெரிந்தால் யாரும் யாரையும் அழைக்கலாம், அது பொது வலையமைப்பின் இயல்பு. ஆனால் சிலருக்கு அது வேண்டாம். ஒரு வங்கியின் இயந்திரங்கள் வங்கியோடு மட்டும் பேசினால் போதும். அதற்கென்று தனிக் கம்பி இழுத்தால் செலவு தாங்காது. பொதுக் கம்பியிலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி போட்டால் என்ன? இந்த யோசனை இணையம் நம் ஊருக்கு வருவதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1976இல் எக்ஸ்.25 என்ற தரவு வலையமைப்பு நெறிமுறை முதன்முதலாக வெளியானது. மூடிய பாவனையாளர் குழு அந்த வகை வலையமைப்புகளில் ஒரு வழக்கமான வசதி. பின்னர் கைத்தொலைபேசி வலையமைப்பும் அதையே எடுத்துக்கொண்டது.

மூடிய பாவனையாளர் குழு என்றால்: ஒரு பொது வலையமைப்பின் பாவனையாளர்களில் சிலரை ஒரு குழுவாகப் பதிந்து, அவர்கள் தங்களுக்குள் மட்டும் தொடர்பு கொள்ளும்படி வலையமைப்பே காவல் காக்கும் ஏற்பாடு. சி.யூ.ஜி. என்பது இதன் சுருக்கப் பெயர்.

மட்டக்களப்பாருக்கு இதை விளக்க வெளியே உதாரணம் தேட வேண்டாம், குடி இருக்கிறது. இங்கே குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். கல்யாணமானதும் ஆண் மனைவியின் வீட்டுக்குப் போகிறான், அவனுடைய வீட்டு இலக்கம் மாறுகிறது, வீதி மாறுகிறது, சிலவேளை ஊரே மாறுகிறது. குடி மாறுவதில்லை. கோயிலில் இந்தக் குடிக்கு இன்ன நாள் திருவிழா என்றால், வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) அவனுடைய வீட்டு இலக்கத்தைக் கேட்க மாட்டார். எந்தக் குடி என்பதைத்தான் பார்ப்பார். அருகருகே இரண்டு வீட்டார் வேறு வேறு குடியாக இருக்கலாம், இருபது கட்டைக்கு அப்பால் இருப்பவர் ஒரே குடியாக இருக்கலாம்.

மூடிய குழுவும் அதே மாதிரி. 10, 11, 12 என்று அடுத்தடுத்த எண்ணுள்ளவர்கள்தான் ஒரு குழு என்று இல்லை. எண் எங்கேயோ, குழு எங்கேயோ. குடிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஒருவருக்கு ஒரு குடிதான். கைத்தொலைபேசி வலையமைப்பின் விதிப்படி ஒரு பாவனையாளர் 10 குழுக்கள் வரை சேரலாம்.

படலையில் நிற்பது யார்?

இந்தக் காவல் எங்கே நடக்கிறது? சிம்முக்குள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. முதலில் ஒரு சின்னச் சோதனை: சிம் தொலைந்தால் புதிய சிம் எடுக்கிறோம், பழைய எண்ணே திரும்பக் கிடைக்கிறது. அப்படியென்றால் எண் சிம்மோடு தொலையவில்லை. சிம்முக்குள் அதற்கென்று வேறொரு நீண்ட அடையாள எண் இருக்கிறது. இலங்கைச் சிம்களில் அது 413 என்று தொடங்கும். அந்த அடையாளத்துக்கு இந்தத் தொலைபேசி எண், இந்த வசதிகள், இந்தக் குழுக்கள் என்று எழுதி வைத்திருப்பது நிறுவனத்தின் பாவனையாளர் பதிவேடு. ஆள் இப்போது எந்தக் கோபுரத்துப் பக்கம் என்பதைக் கண்டுபிடிக்க உதவுவதும், நான் முன்பு சொல்லி வைத்த அதே பதிவேடுதான்.

ஒவ்வொரு மூடிய குழுவுக்கும் வலையமைப்பு ஒரு பூட்டுக் குறியீடு கொடுத்திருக்கும். வலையமைப்பு முழுவதிலும் ஒரு குழுவை மற்றதிலிருந்து பிரித்தறியும் எண் அது. நீங்கள் அழைப்பை எடுத்ததும் இணைப்பகம் உங்கள் பதிவைப் பார்த்து, உங்கள் குழுவின் பூட்டுக் குறியீட்டை அழைப்போடு சேர்த்து அனுப்பும். மறுமுனையில், அழைக்கப்படுபவரின் பதிவில் அதே குறியீடு இருக்கிறதா என்று ஒப்பிடுவார்கள். இருந்தால் மணி அடிக்கும். இல்லையென்றால் அழைப்பு அங்கேயே நின்றுவிடும், மறுமுனைக்காரருக்கு யாரோ அழைத்தது கூடத் தெரியாது.

கவனியுங்கள், ஒப்பிடுவது தொலைபேசி எண்ணை அல்ல. எண் அழைப்பை வாசல் வரை கொண்டுவந்தது, படலையைத் திறப்பது குறியீடு. பல குழுவில் இருப்பவர் எந்தக் குழுவின் பெயரால் அழைக்கிறார் என்று எப்படித் தெரியும்? சொல்லாவிட்டால் இதை எடுத்துக்கொள் என்று ஒரு முதன்மைக் குழுவைப் பதிவேட்டில் குறித்து வைக்கலாம். சாதாரண அலுவலகத்துக்கு அதுவே போதும்.

வெள்ளத்து இரவு

முழுக்க மூடிய குழு நடைமுறையில் குறைவு. வேலியில் சிறு கடவைகள் வைக்கலாம். ஒருவருக்கு வெளியே அழைக்கும் அனுமதி கொடுக்கலாம், அதற்கு வெளிச்செல் அனுமதி என்று பெயர். வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்கும் அனுமதி கொடுக்கலாம், அது உள்வரும் அனுமதி. இரண்டும் கொடுக்கலாம், ஒன்றும் கொடுக்காமலும் விடலாம். குழுவுக்குள்ளேயே ஒருவர் வரும் அழைப்பை ஏற்க மட்டும் முடியும், தான் அழைக்க முடியாது என்றும் வைக்கலாம். இவை ஆளுக்கு ஆள் வேறுபடும், குழு முழுவதுக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் முகாமையாளர்களோடு எனக்கு வாக்குவாதம் வரும். காசு மிச்சம் பிடிக்க எல்லாருடைய வெளிச்செல் அனுமதியையும் மூடச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகம் அப்படித்தான் செய்தது. மார்கழி மழை. வெல்லாவெளிப் பக்கம் கள வேலைக்குப் போன சாரதி, வீதியை வெள்ளம் மேவியதால் இருட்டில் மாட்டிக்கொண்டார். கையில் அலுவலகச் சிம். அலுவலகம் பூட்டிய நேரம், குழுவில் எவரும் போனை எடுக்கவில்லை. பக்கத்து ஊரில் உழவு இயந்திரம் வைத்திருக்கும் மச்சானின் எண் அவருக்கு மனப்பாடம், ஆனால் அழைப்புப் போகவில்லை. சிம் பழுது என்று நினைத்து நாலு தரம் கழற்றிக் கழற்றிப் போட்டிருக்கிறார். விடியும் வரை வாகனத்தின் மேலேயே இருந்தார். சிம்மில் பழுதில்லை; சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது.

விதிப்படி அவசர அழைப்பை மூடிய குழு தடுக்காது. ஆனால் எந்த எண்ணைக் கைத்தொலைபேசியும் வலையமைப்பும் அவசர அழைப்பாகக் கணக்கில் எடுக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 112 உலகப் பொதுவானது. நமக்குப் பழக்கமான பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகியவை உங்கள் குழுச் சிம்மிலிருந்து போகுமா என்பதைச் சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு சிம்மை ஆட்களிடம் கொடுங்கள். களத்துக்குப் போகிறவர்களுக்காவது வெளிச்செல் அனுமதி இருக்கட்டும். பில்லைக் கட்டுப்படுத்த வேறு வழிகள் உண்டு.

அந்த மூவருக்கும் பதில்

சரி, தொடக்கத்தில் சந்தித்த மூவரிடம் திரும்புவோம்.

ஒட்டுக்கேட்க முடியாது என்ற கணக்காளருக்கு: மூடிய குழு பேச்சை மறைப்பதில்லை. யார் யாரை அழைக்கலாம் என்று மட்டும் பார்க்கிறது. படலைக்குக் காவல் வைத்துவிட்டால் வளவுக்குள் பேசுவது வேலிக்கு வெளியே கேட்காது என்று யாரும் நினைப்பதில்லையே. பேச்சை அந்நியருக்கு விளங்காத வடிவத்துக்கு மாற்றுவது மறையாக்கம். அது முற்றிலும் வேறு வேலை, மூடிய குழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் பாட்டில் நடக்கும் அல்லது நடக்காது.

நாலு இலக்க முகாமையாளருக்கு: குறுக்கெண் என்பது முகவரி மொழிபெயர்ப்பு. நீங்கள் 2104 என்று தட்டினால் வலையமைப்பு அதை முழு எண்ணாக மாற்றிக்கொள்ளும். வீட்டில் 'சின்னவன்' என்று கூப்பிடுவது போல. குழு இல்லாமலும் குறுக்கெண் இருக்கலாம், குறுக்கெண் இல்லாமலும் குழு இருக்கலாம்.

இலவச அழைப்புக்காரர்தான் கொஞ்சம் நியாயமுள்ளவர். விற்பனைப் பேச்சில் சி.யூ.ஜி. என்று தருவது பல வேளைகளில் வெறும் கட்டணக் குழு. உங்களுக்குள் பேசினால் காசில்லை, வெளியே பேசினால் வழக்கமான விலை, அவ்வளவே. அதில் மூடப்பட்டது எதுவும் இல்லை. உங்களுடையது எது என்று பார்க்க லேசான வழி: அலுவலகச் சிம்மிலிருந்து வீட்டுக்கு எடுங்கள், வீட்டிலிருந்து அலுவலகச் சிம்முக்கு எடுங்கள். இரண்டு பக்கமும் மணி அடித்தால் உங்கள் வேலிக்கு இரண்டு பக்கமும் படலை திறந்திருக்கிறது, அல்லது வேலியே இல்லை.

தரவுப் பக்கத்திலும் இதே கதைதான். கடையில் அட்டை இழுக்கும் இயந்திரத்துக்குள் ஒரு சிம் இருக்கும். அது பொது இணையத்துக்குப் போகாமல், அந்த வங்கிக்கென்று வைத்த தனி வாசல் வழியாகப் போகும்படி அமைக்கலாம். வாசலின் பெயர் ஏ.பி.என். அந்தச் சிம்மைக் கழற்றி உங்கள் போனில் போட்டால் படம் பார்க்க முடியாது. உள்ளே அதற்குக் கொடுத்திருப்பது பெரும்பாலும் 10 என்று தொடங்கும் தனியார் முகவரி. ஆக முகவரியும் வேண்டும், வேலியும் வேண்டும். தனியார் முகவரி இருப்பதையே வேலி என்று எண்ணிவிடக் கூடாது. அதே கரையில் நிற்கிற எவரும் அதன் கதவைத் தட்டலாம். கமராப் பெட்டி அப்படித்தானே திறந்தது.

கடைசியாக, வேலையை விட்டுப் போகிறவர்கள். சிம்மைத் திருப்பி வாங்கி லாச்சியில் போட்டுவிட்டு விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். எண்ணை அடுத்தவருக்குக் கொடுப்பதென்றால் இரண்டு கொப்பியிலும் கை வைக்க வேண்டும். குழுப் பதிவில் பழையவருக்கு என்று கொடுத்த அனுமதிகள் புதியவருக்கும் பொருந்துமா என்று பார்த்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் நேற்று வந்த பயிலுநருக்கு முகாமையாளரின் படலை எல்லாம் திறந்து கிடக்கும். எண்ணையும் உடனே கொடுக்காமல் சில மாதம் ஆற விடுவது நல்லது. நான் சொன்னதைக் கேட்காமல் ஓர் இடத்தில் மறுநாளே கொடுத்தார்கள். இரண்டு மாதமாக அந்தப் பிள்ளைக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன, எல்லாம் பழையவரிடம் காசு கேட்டு.